பெட்ரோல் செலவு திடீரென உயர்வது ஏன்? பழைய ஹைபிரிட் காரைச் சோதிக்கும் முறை



நேற்றுவரை மங்கு நிறையப் பால் தந்த மரம் இன்று அரை மங்குப் பால்தான் தருகிறது என்றால், அம்மரத்தை உடனே வெட்டிச் சாய்க்க நீங்கள் முற்படுவதில்லை. சீவப் போன நேரம் பிந்திவிட்டதா, இரவு மழையில் பட்டை நனைந்திருந்ததா, உளி மழுங்கிவிட்டதா, இலையுதிரும் பருவம் தொடங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறீர்கள். இவற்றுள் எதுவும் இல்லை எனத் தெளிந்த பின்னரே, பட்டை காய்ந்துபோகும் நோய் மரத்தைப் பற்றியிருக்குமோ என ஐயுறுகிறீர்கள். எளிய காரணத்தை முதலிலும் அரிய காரணத்தை இறுதியிலும் பார்க்கும் இம்முறை, அனுபவம் உங்களுக்குக் கற்பித்த முறையாகும். இதே முறையைக் கொண்டு ஒரு மோட்டார் காரின் குறையையும் கண்டறியலாம் என்பதே இம்மாதப் பாடத்தின் கருத்து.

இப்பாடம் இப்பொழுது தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு முதல் 2013ஆம் ஆண்டு முடிய, 2,000 சிசிக்குட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு நம் நாட்டில் இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்கப்பட்டிருந்தன. டோயோட்டா பிரியஸ், பிரியஸ் சி, ஹோண்டா இன்சைட் போன்ற கார்கள் அக்காலத்தில் நம் சாலைகளுக்கு ஏராளமாக வந்தன. அவை இன்று பத்து வயதைக் கடந்துவிட்டன. விலை இறங்கிவிட்டதால், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களும் அவற்றைப் பழைய வண்டிகளாக வாங்குகின்றன. பெட்ரோலில் மிச்சம் பிடிக்கலாம் என்பதே அவர்களின் எண்ணம். அந்த மிச்சம் ஒருநாள் திடீரென மறைந்துவிட்டால் என்ன செய்வது?

ஹைபிரிட் கார் மிச்சம் பிடிப்பது எப்படி?

குறையை அறியுமுன் நிறையை அறிதல் வேண்டும். ஹைபிரிட் காரில் பெட்ரோல் இயந்திரம் ஒன்றும் மின்விசை மோட்டாரும் உள்ளன. மோட்டாருக்கு மின்சாரம் தருவதற்குப் பெரிய பேட்டரித் தொகுதி ஒன்று உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸ், இவ்வகையில் பேரளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் காராகும். இவ்வண்டி மூன்று வழிகளில் பெட்ரோலைச் சேமிக்கிறது.

முதலாவது, சாலை விளக்கில் வண்டி நிற்கும்பொழுது இயந்திரம் தானே நின்றுவிடுகிறது. இரண்டாவது, பிரேக் மிதிக்கும்பொழுது மோட்டார் மின்னாக்கியாக மாறி, வீணாகும் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. மூன்றாவது, வண்டி கிளம்பும்பொழுதும் மேடேறும்பொழுதும் அச்சேமிப்பைக் கொண்டு மோட்டார் இயந்திரத்துக்குக் கைகொடுக்கிறது.

இம்மூன்றில் ஏதேனும் ஒன்று தடைப்பட்டாலும் செலவு உயரும். இம்மூன்றும் சரியாக இருந்தும், சக்கரம் தடையின்றி உருளாவிட்டால் அப்பொழுதும் செலவு உயரும். நம் சோதனை முழுவதும் இவ்விரு வாக்கியங்களுள் அடங்கும்.

முதற் படி: அளந்து பார்த்தல்

"வர வர நிறைய எண்ணெய் குடிக்கிறது" என்பது ஓர் எண்ணம், அளவன்று. தொட்டியைப் பம்பு தானே நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, இயன்றால் அதே நிலையத்தில், அதே பம்பில் மீண்டும் அவ்வாறே நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. முன்பு 420 கிலோமீட்டருக்கு 21 லிட்டர் பிடித்தது; அதாவது லிட்டருக்கு 20 கிலோமீட்டர். இப்பொழுது அதே 420 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் பிடிக்கிறது. அதாவது லிட்டருக்கு 14 கிலோமீட்டர். மாதம் 1,260 கிலோமீட்டர் ஓடும் வண்டியானால், 63 லிட்டருக்குப் பதிலாக 90 லிட்டர் செலவாகும். கூடுதல் 27 லிட்டர். கணக்கு எளிதாக இருக்க லிட்டர் 2 வெள்ளி எனக் கொண்டால், மாதம் 54 வெள்ளி, ஆண்டுக்கு 648 வெள்ளி வீணாகிறது.

ஒரு முறை அளந்ததைக் கொண்டு முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டு அல்லது மூன்று முறை நிரப்பிப் பார்த்த பின்னும் அளவு குறைந்தே இருந்தால், குறை உண்மை எனக் கொள்ளலாம்.

இரண்டாம் படி: என்ன மாறியது என்று கேட்டல்

திடீரென வந்த குறைக்குப் பெரும்பாலும் அண்மையில் நிகழ்ந்த ஒரு மாற்றமே காரணமாயிருக்கும். ஆகவே, செலவு கூடுவதற்கு முந்திய வாரங்களில் வண்டிக்கு என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். டயர் மாற்றினீர்களா? இவ்வண்டிகளுக்கென எளிதில் உருளக்கூடிய டயர்கள் உண்டு. அவற்றுக்குப் பதிலாகச் சாதாரண டயர் பூட்டினால் செலவு சற்று உயரும். இயந்திர எண்ணெய் மாற்றினீர்களா? கையேடு குறிப்பிடும் மெல்லிய எண்ணெய்க்குப் பதிலாகத் தடித்த எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கலாம். பள்ளத்தில் சக்கரம் வேகமாக இறங்கியதா? சக்கரங்களின் நேர் ஒழுங்கு கெட்டிருக்கலாம்.

ஓட்டும் வழக்கம் மாறியதா என்பதையும் கேளுங்கள். பிரியஸ் போன்ற வண்டியில் குளிர்சாதனம் பெரிய பேட்டரியின் மின்சாரத்தால் இயங்குகிறது. பள்ளி வாசலில் பிள்ளைக்காக அரைமணி நேரம் குளிர்சாதனத்துடன் காத்திருந்தால், பேட்டரி இறங்க இறங்க இயந்திரம் அடிக்கடி எழுந்து ஓடும். வண்டி ஒரு மீட்டர்கூட நகராமலே பெட்ரோல் கரையும். இயந்திரம் சூடேறுமுன் முடிந்துவிடும் குறும்பயணங்களும் செலவை உயர்த்தும். இவை பழுதல்ல, பழக்கம்.

மூன்றாம் படி: காசு செலவின்றிச் செய்யும் சோதனைகள்

எச்சரிக்கை ஒன்றை முதலில் கூறவேண்டும். ஹைபிரிட் கார் ஓசையின்றி நிற்பதால் அது அணைந்துவிட்டது என எண்ணலாகாது. விசை போடப்பட்ட நிலையில் இயந்திரம் எந்நேரமும் தானே கிளம்பும். பானட்டைத் திறக்குமுன் வண்டியை முழுவதும் அணைத்து, சாவியைத் தொலைவில் வைத்துவிடுங்கள்.

ஒழுக்கு: இரவில் வண்டி நின்ற இடத்தைக் காலையில் பாருங்கள். பெட்ரோல் வாடை வீசினால் வேறு சோதனை எதுவும் வேண்டா. வண்டியைக் கிளப்பாமல் பட்டறைக்குத் தெரிவியுங்கள். அருகில் எவரும் புகைத்தலாகாது.

டயர்க் காற்று: வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நான்கு டயர்களின் காற்றையும் அளந்து பாருங்கள். இருக்கவேண்டிய அளவு ஓட்டுநர் கதவருகேயுள்ள வில்லையில் அச்சிடப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயர் தரையோடு அழுந்தி உருள்வதால் விசையைத் தின்னும். கண்ணால் பார்த்தே மதிப்பிடுவது தவறு. அளவியைக் கொண்டே பார்க்கவேண்டும்.

பற்றிக்கொண்ட பிரேக்: இதுவே பலர் மறந்துவிடும் காரணம். ஹைபிரிட் காரில் மோட்டாரே வேகத்தின் பெரும்பகுதியைத் தணித்துவிடுவதால், சக்கரத்திலுள்ள பிரேக் கட்டைகளுக்கு வேலை குறைவு. வேலையற்றிருக்கும் கருவி துருப்பிடிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஈரமும் செம்மண் சேறும் நிறைந்த தோட்டச் சாலைகளில், பிரேக் கவ்வி நகரும் குச்சிகள் நாளடைவில் இறுகிப்போகலாம். அப்பொழுது பிரேக்கை விட்ட பின்னும் கட்டை தட்டைப் பற்றிக்கொண்டே இருக்கும். இயந்திரம் ஒரு பக்கம் இழுக்க, பிரேக் மறுபக்கம் பிடித்து நிறுத்தும்.

இதனை அறிவது எளிது. பிரேக்கை இயன்ற அளவு குறைவாக மிதித்துப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசெல்லுங்கள். பிரேக் தட்டைத் தொடலாகாது. ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் அனல் வீசினால், அதுவே குற்றவாளி. கருகிய வாடையும் வரலாம். இக்குறை பெட்ரோலை மட்டும் வீணாக்குவதில்லை, உயிருக்கும் ஆபத்தானது. காலந்தாழ்த்தாமல் பட்டறைக்குச் செல்லவேண்டும்.

இயந்திரம் நிற்காமை: கால்மணி நேரம் ஓடிய பின்னும், பேட்டரியில் போதிய மின்சாரம் இருந்தும், சாலை விளக்கில் இயந்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா? இயந்திரம் உரிய சூட்டை அடையும்வரை அது நிற்காது. குளிர்நீரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், நீர் ஓயாது சுழன்று இயந்திரத்தைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். வண்டியோ இன்னும் சூடேறவில்லை என எண்ணிப் பெட்ரோலை எரித்துக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் சிறிய பொருள். அதனை மாற்றும் செலவு பேட்டரிச் செலவோடு ஒப்பிடத்தக்கதன்று.

பேட்டரியின் மூச்சு: பல வண்டிகளில் பின்னிருக்கையின் பக்கவாட்டிலோ அதன் அடியிலோ சல்லடை போன்ற துவாரம் ஒன்று இருக்கும். பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அவ்வழியேதான் காற்றை இழுக்கிறது. அதன்மேல் பையையோ துணியையோ வைத்து அடைத்துவிடாதீர்கள். செம்மண் தூசியும் துணிப் பஞ்சும் சேர்ந்து உள்ளிருக்கும் விசிறியையோ வடிகட்டியையோ அடைத்துவிடுவதும் உண்டு. காற்று இல்லையேல் பேட்டரி சூடேறும். சூடேறினால் கட்டுப்பாட்டுக் கணினி பேட்டரியின் வேலையைக் குறைத்துவிடும். அவ்வேலை முழுவதும் இயந்திரத்தின்மேல் விழும். பின்னிருக்கைப் பக்கமிருந்து விசிறியின் இரைச்சல் வழக்கத்துக்கு மாறாகக் கேட்டால் இதனை ஐயுறலாம். துவாரத்தின் மேற்புறத்தை நீங்களே துடைக்கலாம்; உள்ளிருக்கும் விசிறியைத் துப்புரவு செய்வது பயிற்சி பெற்றவரின் வேலை.

நான்காம் படி: பட்டறையில் செய்யும் சோதனைகள்

மேற்கண்டவற்றில் குறை தென்படாவிட்டால், ஹைபிரிட் கார்களில் பயிற்சி பெற்ற பட்டறையை நாடுங்கள். அங்கே ஒரு சோதனைக் கருவியை வண்டியில் செருகி, அதன் கணினி பதிந்து வைத்திருக்கும் குறைகளைப் படிப்பார்கள். உள்ளே செல்லும் காற்றின் அளவை அறியும் உணரி அழுக்கடைந்திருந்தாலும், புகைப்போக்கியிலுள்ள ஆக்சிஜன் உணரி கெட்டிருந்தாலும், பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் பாயக்கூடும். காற்று வடிகட்டி அடைபட்டிருந்தால் வண்டியின் இழுவை குறையும். ஆயினும், செலவு பெரிதும் உயர்வதற்கு அது ஒன்றே காரணமாவது அரிது.

ஐந்தாம் படி: பேட்டரியை ஐயுறுதல்

பேட்டரியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது கெடாது என்பதன்று. பத்து ஆண்டுகளைக் கடந்த பேட்டரி தளர்வது இயல்பு. நம் நாட்டு வெப்பமும் அதன் ஆயுளைக் குறைக்கும். ஆனால், அதுவே எல்லாவற்றினும் செலவு மிக்கது. பல ஆயிரம் வெள்ளி கேட்கும் முடிவைச் சான்று இல்லாமல் எடுக்கலாகாது.

சான்று எது? திரையில் காட்டப்படும் பேட்டரிக் கோடுகளைக் கவனியுங்கள். சற்று நேரத்தில் மளமளவென்று நிறைந்து, சிறு மேடேறியதும் மளமளவென்று இறங்கினால், பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது என்பதற்கு அது ஓர் அறிகுறி. எச்சரிக்கை விளக்கு எரிந்து, சோதனைக் கருவி பி0ஏ80 என்னும் குறியீட்டைக் காட்டினால் ஐயம் வலுக்கிறது.

அப்பொழுதும் ஒரு கணக்கைக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் காரின் பேட்டரியில் 28 பெட்டிகள் உள்ளன. ஒவ்வொரு பெட்டியிலும் 1.2 வோல்ட் கொண்ட அறைகள் ஆறு. ஆகவே ஒரு பெட்டிக்கு 7.2 வோல்ட், 28 பெட்டிக்கும் சேர்த்து 201.6 வோல்ட். கணினி இப்பெட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, 14 தொகுப்புகளாக அளக்கிறது. ஒரு தொகுப்பின் பெயரளவு மின்னழுத்தம் 14.4 வோல்ட். நிறையும்பொழுதும் இறங்கும்பொழுதும் இவ்வளவு ஏறி இறங்கும்; ஆனால், எல்லாத் தொகுப்புகளும் சேர்ந்தே ஏறி இறங்கவேண்டும். ஓர் அறை செத்துப்போனால், அத்தொகுப்பு மட்டும் மற்றவற்றைவிட ஏறத்தாழ 1.2 வோல்ட் குறைந்து நிற்கும். நிரையில் ஒருவர் பின்தங்கினால் மண்டோரின் கண்ணுக்கு உடனே தெரிவதுபோல, இதுவும் கருவியில் தெளிவாகத் தெரியும்.

எனவே, பட்டறைக்காரரிடம், "14 தொகுப்புகளின் அளவையும், வண்டி ஓடும்பொழுது எனக்குக் காட்டுங்கள்" என்று பணிவுடன் கேளுங்கள். நேர்மையானவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் பணத்தைக் கொடுக்குமுன் இன்னொருவரிடம் கேட்பது நலம். கெட்ட ஒரு பெட்டியை மட்டும் மாற்றுவது மலிவு. ஆயின், அதே வயதுடைய மற்றப் பெட்டிகளும் பின்னர் ஒவ்வொன்றாகத் தளரலாம். முழுத் தொகுதியை மாற்றுவதானால், உத்தரவாதத்தை எழுத்தில் பெறவேண்டும்.

ஓர் உயிர் எச்சரிக்கை

அப்பெட்டிகளைத் தாமே திறந்து பார்க்கலாம் எனச் சில இளைஞர்கள் துணிகிறார்கள். 200 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும். ஆரஞ்சு நிறக் கம்பி எங்கு தென்பட்டாலும் அது உயர் மின்னழுத்தக் கம்பி என்பதை அறிக. வண்டியை அணைத்த பின்னும் சில பகுதிகளில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். பேட்டரிக்குள்ளோ எப்பொழுதும் இருக்கும். உரிய பயிற்சியும் கையுறையும் இன்றி அதனைத் தொடலாகாது. சேமிக்க விரும்பியது பெட்ரோல். இழப்பது உயிராகிவிடக் கூடாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

பாடம் தெளிவுற, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். தந்தை பால்மரம் சீவுபவர். மகன் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பழைய பிரியஸ் கார் ஒன்றை வாங்கி நாள்தோறும் சென்று வருகிறான். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஒரே மாதத்தில் 14க்கு இறங்கிவிட்டது. பட்டறைக்காரர் ஒருவர், வண்டியின் வயதைக் கேட்ட மாத்திரத்தில், பேட்டரி போய்விட்டது என்கிறார். தங்கையின் படிப்புக்கென வைத்திருந்த சேமிப்பை எடுப்பதா, கடன் வாங்குவதா என்று மகன் கலங்குகிறான்.

தந்தை கேட்கிறார்: "பால் குறைந்ததும் மரத்தையா தறிப்பார்கள், தம்பி? முதலில் ஒவ்வொன்றாகப் பார்."

மகன் அளந்து பார்க்கிறான், குறை உண்மைதான். டயர்களில் காற்றுப் பார்க்கிறான், இரண்டில் குறைவு. ஓட்டிவிட்டு வந்து சக்கரங்களருகே புறங்கையை வைக்கிறான். முன் இடச் சக்கரத்தில் மட்டும் அனல். வேறொரு பட்டறையில் பிரேக் கவ்வியைக் கழற்றி, இறுகிய குச்சிகளைத் துப்புரவாக்கி, தேய்ந்த கட்டைகளை மாற்றுகிறார்கள். பேட்டரியின் 14 தொகுப்புகளையும் கருவியில் பார்க்கிறார்கள்; முதுமை தெரிகிறது, ஆனால் எதுவும் தனியே பின்தங்கவில்லை. அடுத்த முறை 420 கிலோமீட்டருக்கு 22 லிட்டர் பிடிக்கிறது. அதாவது லிட்டருக்கு 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பழைய 20 திரும்பவில்லை. அந்த ஒரு கிலோமீட்டர், வண்டியின் வயதுக்கு உரியது. தங்கையின் சேமிப்பு அப்படியே இருக்கிறது. ஒருநாள் அப்பேட்டரியும் ஓயும். அதற்கென மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்க மகன் தொடங்குகிறான்.

நினைவிற் கொள்க

1. எண்ணத்தை நம்பாதீர், அளந்து பார்த்து எழுதி வைப்பீர்.
2. அண்மையில் என்ன மாறியது என்று முதலில் கேட்பீர்.
3. காற்று, பிரேக், சூடு, விசிறி ஆகியவற்றைப் பார்த்த பின்னரே பேட்டரியை ஐயுறுவீர்.
4. சான்று காட்டாத பட்டறைக்குப் பெருந்தொகை கொடாதீர்.
5. ஆரஞ்சு நிறக் கம்பியைத் தொடாதீர்.

பயிற்சி வினாக்கள்

1. 360 கிலோமீட்டர் ஓடிய காருக்கு 20 லிட்டர் பிடித்தது. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?
2. ஹைபிரிட் காரில் பிரேக் கவ்வி எளிதில் இறுகிப்போவது ஏன்?
3. ஒரு தொகுப்பு மட்டும் 1.2 வோல்ட் குறைந்து நின்றால், அதன் பொருள் என்ன?

இவற்றுக்கு விடை கூற இயன்றவர், பாடத்தை நன்கு கற்றவராவார். உங்கள் வீட்டில் இத்தகைய கார் இல்லாவிடினும், அண்டை அயலாரில் வைத்திருப்பவர்க்கு இப்பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். வியர்வை சிந்தி ஈட்டிய வெள்ளியை ஒருவர் ஒரு சொல்லை நம்பி இழக்காமல் காப்பதும் ஓர் அறமே.